முதல் சீசன், ஸ்கீ பூட்ஸ் சைஸ்: வாடகை ஃபார்ம்ல 27 போடவா 26 போடவா?

கார்த்தி_சூரிச்
எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி ஸ்போர்ட்ஸ் லீவுல ஃப்ளும்ஸர்பெர்க் போறோம், நான், மனைவி, 8 வயசு பொண்ணு. மூணு பேரும் இதுவரைக்கும் ஸ்கீ மேல ஏறினதே இல்ல. ஸ்கீ ஸ்கூல் புக் பண்ணியாச்சு, சாமான் எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம்னு ஆன்லைன் ஃபார்ம் திறந்தா உயரம் எடை வயசு எல்லாம் கேட்டுட்டு கடைசியா பூட்ஸ் சைஸ் மோண்டோ பாயிண்ட்ல கேக்குது. நான் ஊர்ல வாங்கற ஷூ யூகே 8, இங்க 42. சார்ட்ல பாத்தா 27ன்னு காட்டுது. ஆனா பேப்பர் மேல கால வெச்சு அளந்தா 26 செ.மீ.க்கு ஒரு நூல் கம்மியா தான் வருது. ஆஃபீஸ்ல ஒருத்தர் "ஸ்கீ பூட்ஸ் எப்படியும் வலிக்கும், ஒரு சைஸ் பெருசா எடுத்து ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ"ன்றார், இன்னொருத்தர் அதுக்கு நேர் எதிரா சொல்றார். மனைவிக்கு கெண்டைக்கால் கொஞ்சம் தடிமன், மேல் பக்கிள் பூட்டவே பூட்டாதோன்னு பயப்படறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டொரன்டோ_ரவி
27 போடுங்கோ தம்பி. நாங்கள் ஒவ்வொரு குளிருக்கும் கொலிங்வுட் பக்கம் புளூ மவுண்டனுக்குப் போறனாங்கள், புதுசா வாற ஆக்கள் எல்லாரும் சொல்லுற ஒரே முறைப்பாடு இறுக்கம் இறுக்கம் எண்டுதான். மத்தியானத்துக்கு முதலே கழட்டி வைச்சிட்டு லொட்ஜுக்குள்ளை கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பினம், லிஃப்ட் டிக்கெட் காசும் போச்சு. முதல்நாள் பழகிற ஆளுக்கு ரேஸ் ஓடுறவை மாதிரி இறுக்கம் தேவையில்லை, கால் சுகமா இருந்தால்தான் பழக மனம் வரும்.

டாவோஸ்_வசந்தன்
கார்த்தி, 27 போடாதேங்கோ. ரவி அண்ணை சொல்லுற முறைப்பாடு உண்மை, நானும் ஒவ்வொரு நாளும் கேக்கிறன், ஆனால் அதுக்கு மருந்து பெரிய சைஸ் இல்லை. நான் குளிர்காலத்திலை ஒரு வாடகைக் கடையிலை நிக்கிறன், காலமையிலையிருந்து ஆக்களின்ரை கால் அளக்கிறதுதான் வேலை, அதாலை கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மோண்டோ எண்டது உங்கடை பாதத்தின்ரை நீளம் சென்டிமீட்டரிலை, அவ்வளவுதான். 26 எண்டால் 26 செ.மீ. பாதம். சாதாரண சப்பாத்திலை விரலுக்கு முன்னாலை இடம் விட்டுத்தான் செய்வினம், நடக்கேக்கை பாதம் மடங்கும், அதுக்கு இடம் வேணும். ஸ்கீ பூட்ஸுக்குள்ளை பாதம் மடங்கிறதே இல்லை. அதாலை வெளியிலை போடுற சப்பாத்தின்ரை நம்பரை விட்டிட்டு அளந்த நம்பரைப் போடுங்கோ. அளக்கிறதும் சுவரிலை குதியை ஒட்டி வைச்சு, எழும்பி நிண்டு, அந்தக் காலிலை பாரத்தைப் போட்டு அளக்கவேணும், இருந்துகொண்டு அளந்தால் குறையும். இரண்டு காலையும் அளவுங்கோ, பின்னேரம் அளந்தால் நல்லம், பகல் முழுக்க நிண்டு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

இப்ப பெரிசு போட்டால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. குதி பின்னாலை பிடிபடாது. இறக்கத்திலை பாதம் முன்னுக்கு வழுக்கிப்போய் பெருவிரல் பிளாஸ்டிக்கோடை இடிக்கும், திரும்பத் திரும்ப இடிச்சு பின்னேரம் நகம் கறுத்திடும். அவை என்ன நினைக்கினம் எண்டால், விரல் இடிக்குது அப்ப பூட்ஸ் சின்னன் எண்டு. வந்து இன்னும் ஒரு சைஸ் பெரிசு கேப்பினம். குடுத்தால் இன்னும் மோசமாகும். மற்றது, உள்ளுக்குக் கால் ஆடுது எண்டு பக்கிளை முழுப்பலமும் போட்டு இழுத்துப் பூட்டுவினம். பாதத்தின்ரை மேல்பக்கம் இரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்குக் கிட்டத்தான் ஓடுது, அதைப் பக்கிள் அமத்தினால் விரல் விறைக்கும், குளிரும். திரும்பவும் "இறுக்கம்" எண்டுதான் சொல்லுவினம். ரவி அண்ணை பாத்த ஆக்களிலை எத்தினை பேர் உண்மையிலை பெரிய பூட்ஸோடை நிண்டவையோ தெரியாது, நான் பாக்கிற ஆக்களிலை அரைவாசிக்கு மேலை அப்பிடித்தான்.

இன்னொண்டும் இருக்கு. ஸ்கீ திரும்பிறது உங்கடை முழங்காலுக்குக் கீழ் எலும்பு பூட்ஸின்ரை நாக்கை முன்னுக்கு அமத்திறதாலை. கால் பூட்ஸுக்குள்ளை ஆடினால் நீங்கள் அமத்திறது ஸ்கீக்குப் போய்ச் சேராது. வாத்தியார் "முன்னுக்குச் சாயுங்கோ" எண்டு கத்துவார், நீங்கள் சாய்ஞ்சுகொண்டுதான் இருப்பீங்கள், ஸ்கீ தன்பாட்டிலை நேரை போகும். புதுசாப் பழகிற ஆளுக்குத்தான் இது கூடப் பயம், பழகினவை எப்பிடியோ சமாளிச்சிடுவினம்.

கார்த்தி_சூரிச்
ரொம்ப நன்றி வசந்தன் அண்ணா, இவ்வளவு தெளிவா யாரும் சொல்லல. அப்ப 26 போட்டுடறேன். ஆனா ஃபார்ம்ல 26ம் இருக்கு 26.5ம் இருக்கு. பாதி சைஸ் எடுத்தா சேஃபா இருக்குமா?

டாவோஸ்_வசந்தன்
அநேகமான கொம்பனியளிலை 26க்கும் 26.5க்கும் வெளிப் பிளாஸ்டிக் ஒண்டுதான். உள்ளுக்கை பாதத்துக்குக் கீழை இருக்கிற தட்டையோ லைனர் எண்ட பஞ்சு உறையோதான் கொஞ்சம் வித்தியாசப்படும். பிளாஸ்டிக் மாறுறது 26லை இருந்து 27க்குப் போகேக்கை. அதாலை வாடகைக்கு எடுக்கேக்கை 26ஓ 26.5ஓ எண்டு மண்டையை உடைக்கவேண்டாம். எதை எழுதினாலும் கடையிலை திருப்பி அளப்பம், அளக்காமல் ஃபோர்மைப் பாத்துத் தூக்கிக் குடுத்தால் நீங்களே அளக்கச்சொல்லிக் கேளுங்கோ.

பெர்ன்_மலர்விழி
கார்த்தி, உங்க மனைவி பயப்படற விஷயத்துக்கு நான் சொல்றேன், எனக்கும் அதே கெண்டைக்கால் தான். பொம்பளைங்களுக்கு கெண்டைக்கால் தசை ஆம்பளைங்களை விட கொஞ்சம் கீழ வரைக்கும் இறங்கி இருக்கும், அதனால ஆம்பளை பூட்ஸ் போட்டா மேல் விளிம்பு சரியா அந்தத் தடிமன்லயே வந்து வெட்டும். லேடீஸ் மாடல்ல மேல் பகுதி உயரம் கம்மியா, வாய் அகலமா இருக்கும், கடையில லேடீஸ் மாடல் தான்னு உறுதியா கேட்டு வாங்கச் சொல்லுங்க, ஸ்டாக் இல்லன்னு ஆம்பளை பூட்ஸ நீட்டினா ஒத்துக்க வேண்டாம். அடுத்தது, நிறைய பூட்ஸ்ல பக்கிள் மாட்டற அந்த ஏணிப்படி மாதிரி பட்டை இருக்குல்ல, அத ஒரு ஸ்க்ரூ கழட்டி அடுத்த ஓட்டைக்கு மாத்தலாம், கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். பின்பக்கம் கெண்டைக்கால்கிட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகி இருந்தா அதையும் எடுத்துடலாம். இதெல்லாம் கடைக்காரங்க அஞ்சு நிமிஷத்துல பண்ணித் தருவாங்க, ஆனா கேட்டா தான் பண்ணுவாங்க, நம்ம ஆளுங்க கேக்கக் கூச்சப்பட்டுட்டு வலியோட போயிடறாங்க, அது தான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

தெர்மல் லெகிங்ஸ பூட்ஸுக்குள்ள விடவே கூடாது, அதையும் சொல்லிடுங்க. முக்கால் நீளத்துல கெண்டைக்காலுக்கு மேல நிக்கற மாதிரி போடணும். பூட்ஸுக்குள்ள போறது ஒரே ஒரு சாக்ஸ் மட்டும். லெகிங்ஸ் மடிப்பு முன்னெலும்பு மேல மாட்டிக்கிட்டா சாயங்காலம் அந்த இடம் கன்னிப் போயிடும்.

டொரன்டோ_ரவி
வசந்தன், நீங்கள் சொல்லுறது விளங்குது, ஆனால் ஒரு விஷயம். எங்கடை ஆக்கள் சின்ன வயசிலை வெறுங்காலோடையும் செருப்போடையும் திரிஞ்ச ஆக்கள், பாதம் முன்னுக்கு அகலம். நீளத்துக்குச் சரியான சைஸைப் போட்டால் சின்னவிரல் பக்கம் நசிஞ்சு உயிர் போகும். வெள்ளைக்காரரின்ரை காலுக்குச் செய்த அச்சு அது. அதாலைதான் ஒரு சைஸ் கூட்டிப் போடச் சொல்லுறனான், அனுபவத்திலை சொல்லுறன்.

டாவோஸ்_வசந்தன்
அண்ணை அது நல்ல கேள்வி, அகலம் எண்டது தனி அளவு. பூட்ஸுக்கு முன்பாதத்தின்ரை அகலத்தை மில்லிமீட்டரிலை குடுப்பினம், 98 எண்டால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102, 104 அகலம். 26.5 சைஸை வைச்சுத்தான் அந்த நம்பர் சொல்லுறது. அகலக் கால்காரருக்கு நீளம் அதே 26, அகலம் 102 அல்லது 104 எண்டு கேக்கவேணும். ஒரு சைஸ் கூட்டினால் அகலமும் கொஞ்சம் கூடும்தான், அதோடை சேந்து குதிப்பக்கமும், கணுக்காலும், பாதத்தின்ரை மேல்பக்கமும் எல்லாம் பெருக்கும். முன்னுக்குக் கிடைச்ச சுகம் பின்னுக்குப் போயிடும். வாடகை பூட்ஸ் பெரும்பாலும் அகலமான வகைதான், எல்லாக் காலுக்கும் போகவேணும் எண்டு அப்பிடித்தான் கடையள் வாங்கிறது, அதாலை வாடகைக்கு எடுக்கிறவைக்கு அகலம் பெரிய பிரச்சினையா வாறது குறைவு. சொந்தமா வாங்கேக்கைதான் இதைக் கட்டாயம் பாக்கவேணும்.

டொரன்டோ_ரவி
சரி, அகலத்தைத் தனியாக் கேக்கலாம் எண்டால் நான் ஒத்துக்கொள்ளுறன். எல்லாக் கடையிலையும் 104 வைச்சிருப்பினமோ எண்டதுதான் என்ரை பயம். இல்லாத இடத்திலை ஆளை நோகவிடாமல் அரை சைஸ் கூட்டிப் பாக்கிறதிலை பிழையில்லை எண்டதிலை நான் இன்னும் நிக்கிறன்.

கார்த்தி_சூரிச்
கடையில போட்டுப் பாக்கும்போது இது சரின்னு எப்படி தெரிஞ்சுக்கறது? புதுசா போடறவனுக்கு எது நார்மல் டைட், எது தப்பான டைட்னே தெரியாதே.

வின்டர்தூர்_அருள்
இதத் தான் எல்லாரும் கேக்கணும். நான் இங்க வந்ததுக்கு அப்புறம் தான் பழகினேன், இப்ப சொந்த பூட்ஸ் வெச்சிருக்கேன், பூட் ஃபிட்டர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல ஷெல் டெஸ்ட், ஷெல்னா வெளி பிளாஸ்டிக். உள்ள இருக்கற பஞ்சு பூட்ட, அதாவது லைனர, வெளிய இழுத்துடுங்க. வெறும் பிளாஸ்டிக்குக்குள்ள சாக்ஸ் போட்ட கால விட்டு, விரல் முன்னாடி லேசா தொடற மாதிரி நகத்தி நில்லுங்க. இப்ப குதிக்குப் பின்னாடி எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கணும். ஒன்னரை விரல்லேர்ந்து ரெண்டு விரல் போற அளவு, அதாவது ஒன்னரைலேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும் இருந்தா புதுசா பழகறவங்களுக்கு சரி. அதுக்கு மேல போச்சுன்னா பெருசு, பேசிப் பிரயோஜனம் இல்ல, கழட்டிடுங்க. ரேஸ் ஆளுங்க ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மியா வெச்சுப்பாங்க, அது நமக்கு வேண்டாம். பொய் சொல்லாத டெஸ்ட் இது ஒன்னு தான், ஏன்னா லைனர் புதுசா இருந்தா டைட்டா தோணும், பல பேர் போட்டு அமுங்கின லைனர்னா லூஸா தோணும், ஷெல் மட்டும் மாறாது.

அப்புறம் லைனர உள்ள வெச்சு முழுசா போடுங்க. உக்காந்துட்டு போடாதீங்க, நின்னுட்டு, நாக்க வெளிப்பக்கமா இழுத்து, ஷெல்ல ரெண்டு கையாலயும் விரிச்சு கால இறக்குங்க. பக்கிள் பூட்டறதுக்கு முன்னாடி குதிய தரையில ரெண்டு மூணு தட்டு தட்டி பின்னாடி தள்ளுங்க. மேல் ரெண்டு பக்கிள மொதல்ல பூட்டினா குதி பின்னாடி உக்காரும், அப்புறம் பாதத்து மேல இருக்கறது, கடைசியா விரல்கிட்ட இருக்கறது. அந்த விரல் பக்கிள் சும்மா கழண்டு விழாம இருந்தா போதும், இழுக்கவே வேண்டாம். மேல அகலமா ஒரு வெல்க்ரோ பட்டை இருக்கும், அதையும் கட்டுங்க.

இப்ப நிமிர்ந்து நின்னா பெருவிரல் முன்னாடி லைனர தொடணும். "ஐயோ இடிக்குதே"ன்னு அங்கயே பயந்து கழட்டிடாதீங்க. முழங்கால மடக்கி முன்னெலும்பால நாக்க அமுக்குங்க, குதி பின்னாடி போய், விரல் லேசா விலகும், தொடுதான்னே தெரியாத அளவுக்கு வரும். அது தான் சரியான சைஸ். மடக்கின பிறகும் விரல் அழுந்தி மடங்கி நிக்குதுன்னா சின்னது. நிமிர்ந்து நிக்கும்போதே விரல் எதையும் தொடலன்னா பெருசு. அடுத்து, யாரையாவது பூட்ஸ் பின்பக்கத்த தரையோட அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு முன்னாடி சாஞ்சு குதிய தூக்கப் பாருங்க. கொஞ்சம் கூட எழும்பக் கூடாது, நூல் அளவு அசைஞ்சா பரவாயில்ல.

எந்த இறுக்கம் நல்லதுன்னு கேட்டீங்க. பாதம் முழுக்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிச்சிருந்தா, உறுதியா கை குலுக்கற மாதிரி, அது நல்லது. ஒரே ஒரு புள்ளியில குத்தினா, கணுக்கால் எலும்பு மேல, சின்ன விரல் பக்கம், பாதத்து மேல் மேட்டுல, அது கெட்டது, அது நேரம் ஆக ஆக மோசமாத் தான் ஆகும். கடைக்குள்ள ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் போட்டுட்டே நில்லுங்க, நடங்க, மடக்குங்க, கடைக்காரர் அவசரப்படுத்தினா கூட.

டாவோஸ்_வசந்தன்
அருள் சொன்னதிலை ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை. லைனரைக் கழட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டால் ஒரு கடையும் மறுக்காது, சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கேட்டால் முகம் சுழிப்பினம், முதல்நாள் பின்னேரமே போய் எடுங்கோ.

சூரிச்_ஓவியா
என் பையனுக்கு வாங்கற சைஸ்ல தான் எங்க வீட்டுல சண்டை. வளர்ற பிள்ள, ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்னு வீட்டுக்காரர் ரெண்டு சைஸ் பெருசா சொல்றார். இந்த இழையைக் காட்டலாம்னு இருக்கேன், குழந்தைகளுக்கும் இதே கணக்கா?

பெர்ன்_மலர்விழி
கண்டிப்பா காட்டுங்க ஓவியா. குழந்தைகளுக்கு வளர்ற இடம்னு ஒரு சென்டிமீட்டர், அதுக்கு மேல கூடாது. ரெண்டு சைஸ் பெருசா போட்ட குழந்தை ஸ்கீய திருப்பவே முடியாம பின்னாடி சாஞ்சு உக்காந்துடும், அப்புறம் "எனக்கு வராது, பிடிக்கல"ன்னு சொல்லிடும், உண்மையில குழந்தைக்கு வராம இல்ல, பூட்ஸ் விடல. அதனால தான் சுவிஸ்ல நெறைய பேர் குழந்தைங்களுக்கு சீசன் முழுக்க வாடகைக்கு எடுக்கறாங்க, இலையுதிர் காலத்துலயே எடுத்துட்டா நல்ல சைஸ் எல்லாம் இருக்கும். நடுவுல கால் வளர்ந்தா மாத்தித் தருவாங்களான்னு எடுக்கும்போதே கேட்டுக்கோங்க.

குழந்தைகிட்ட "சரியா இருக்கா"ன்னு கேட்டா எப்பவுமே "ம்ம்" தான் வரும், ஸ்கீ போட அவசரம். லைனர்ல இருக்கற தட்டைய வெளிய எடுத்து அது மேல குழந்தைய நிக்க வெச்சுப் பாருங்க, விரலுக்கு முன்னாடி எவ்வளவு மிச்சம்னு கண்ணுக்கே தெரியும். தட்டை வெளிய வராத மாடல்னா ஷெல் டெஸ்ட் தான். தடிமனான கம்பளி சாக்ஸ் ரெண்டு போட்டு அனுப்பற அம்மாக்கள் இருக்காங்க, குளிரும்னு அக்கறையில தான், ஆனா அது தான் குளிர வைக்கும். ரத்தம் ஓட இடம் இல்லன்னா எந்தக் கம்பளியும் சூடு தராது. மெல்லிசா, முழங்கால் வரைக்கும் வர்ற ஸ்கீ சாக்ஸ் ஒன்னே ஒன்னு. காட்டன் வேண்டாம், வியர்வைய பிடிச்சு வெச்சுக்கும். ஸ்கீ கேம்ப்புக்கு அனுப்பறதுன்னா கூட ரெண்டு ஜோடி குடுத்து, தினமும் காய்ஞ்சத மாத்தச் சொல்லுங்க.

சென்னை_டு_குல்மார்க்
தலைவர்களே, நான் சென்னைலேர்ந்து. ஜனவரில குல்மார்க்ல பிகினர் கோர்ஸ் சேர்ந்திருக்கேன், ஸ்கீ பூட்ஸ் எல்லாம் அங்க தான் குடுப்பாங்க. போன வருஷம் வேற ஒரு ஊர்ல ஸ்கீ பழகப் போன ஃப்ரெண்டுக்கு அங்க வாடகைக்குக் குடுத்தவங்க ஷூ சைஸ் மட்டும் கேட்டுட்டு ரொம்ப பழைய பூட்ஸ் ஒன்ன குடுத்தாங்க, மூணாவது நாள் பக்கிள் கம்பியே அத்துக்கிட்டு வந்துச்சாம். இந்த மாதிரி இடத்துல நம்ம எத பாக்கணும்? இங்கேர்ந்தே வாங்கிட்டு போயிடலாமான்னும் ஒரு யோசனை, ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் பூட்ஸ் கம்மி விலையில கெடக்குது.

வின்டர்தூர்_அருள்
ப்ரோ செகண்ட் ஹேண்ட் பூட்ஸ ஆன்லைன்ல வாங்காதீங்க, காசுக்கு மட்டும் சொல்லல. ஷெல் பெரும்பாலும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக், அது சும்மா அலமாரியில வெச்சிருந்தா கூட ஈரம் பட்டுப் பட்டு வருஷக் கணக்குல உள்ளுக்குள்ள சிதைஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிய பாக்க பளபளன்னு இருக்கும், குளிர்ல ஒரு நாள் ஸ்கீ பண்ணும்போது பாளம் பாளமா உடைஞ்சு விழும், நிஜமா நடக்கறது. எந்த வருஷ மாடல்னு தெரியாத பூட்ஸ தொடாதீங்க. அதுவும் இல்லாம அடுத்தவர் காலுக்கு அமுங்கின லைனர் உங்க காலுக்கு உதவாது.

முதல் கோர்ஸுக்கு அங்க குடுக்கறதயே எடுங்க. கால சென்டிமீட்டர்ல அளந்து நம்பர மனப்பாடமா வெச்சுக்கோங்க, அவங்க ஷூ சைஸ் கேட்டாலும் நீங்க "26, மோண்டோ"ன்னு சொல்லுங்க. குடுத்த பூட்ஸ்ல ஷெல்ல எங்கயாவது வெடிப்பு மயிரிழை மாதிரி ஓடுதா, பக்கிள் எல்லாம் பூட்டித் திறக்குதா, அடிப்பாகத்துல முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டு இருக்கற நுனி தேஞ்சு உருண்டு போயிருக்கா, இத மட்டும் பாருங்க. அந்த நுனிய தான் ஸ்கீல இருக்கற பிடி, அதாவது பைண்டிங், கவ்வுது, தேஞ்சிருந்தா விழும்போது சரியா கழண்டு விடாது. அப்படி இருந்தா வேற கேளுங்க, அங்க கூச்சமே வேண்டாம். நல்ல ஸ்கீ சாக்ஸ் ரெண்டு ஜோடி மட்டும் சொந்தமா கொண்டு போங்க. குல்மார்க்கே 2,600 மீட்டருக்கு மேல இருக்கு, ஜனவரி குளிர் சென்னைக்காரங்களுக்கு ரொம்பக் கடுமை, ஈர சாக்ஸோட நிக்காதீங்க.

டாவோஸ்_வசந்தன்
அருள் நுனி பற்றிச் சொன்னதாலை இதையும் எழுதிவிடுறன், இந்த இழை முழுக்க வாசிக்காட்டிலும் இதை மட்டும் எல்லாரும் வாசியுங்கோ. ஒவ்வொரு பூட்ஸின்ரை குதிப்பக்கத்திலையோ பக்கவாட்டிலையோ ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், 295, 305, 315 எண்டு மில்லிமீட்டரிலை. அது அடிப்பாகத்தின்ரை நீளம், உங்கடை சைஸ் இல்லை. ஸ்கீயிலை இருக்கிற பைண்டிங்கை அந்த நீளத்துக்குத்தான் பொருத்துறது. அதோடை விழேக்கை எவ்வளவு விசையிலை கழண்டுவிடவேணும் எண்டதையும் உங்கடை எடை, உயரம், வயசு, எவ்வளவு பழகின ஆள், அந்த அடிநீளம் எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் பாத்துத்தான் வைக்கிறது, அதை டின் நம்பர் எண்டு சொல்லுவினம்.

இப்ப நீங்கள் மத்தியானம் பூட்ஸ் சரிவரேல்லை எண்டு வேறை சைஸ் மாத்தினால், ஸ்கீயையும் சேத்துக் கொண்டுபோகவேணும். பூட்ஸை மட்டும் மாத்திக்கொண்டு வந்து, மிதிச்சால் "டக்" எண்டு சத்தம் கேக்குதுதானே எண்டு ஓடாதேங்கோ. சத்தம் கேட்டாலும் பிடி பிழையா இருக்கலாம். கழளவேண்டிய நேரம் கழளாட்டில் முழங்கால் சவ்வு போகும், கழளக்கூடாத நேரம் கழண்டால் விழுந்து அடிபடும். புருசன் பெண்சாதி தங்களுக்குள்ளை ஸ்கீ மாத்திறதும் இதே ஆபத்துத்தான். ஆராவது கூட்டாளி ஸ்க்ரூ டிரைவரோடை வந்து "நான் இறுக்கிவிடுறன்" எண்டால் விடாதேங்கோ. சொந்த ஸ்கீ வைச்சிருக்கிறவையும் வருசத்துக்கு ஒருக்கா கடையிலை சரிபாக்கவேணும் எண்டுதான் இஞ்சை விபத்துத் தடுப்பு நிலையம் பிஎஃப்யூவும் சொல்லுது.

கிரிப்வாக் எண்டு ரப்பர் போட்டு வளைஞ்ச அடியோடை இப்ப வாறதுகளும் இருக்கு, நடக்கச் சுகம், ஆனால் எல்லாப் பழைய பைண்டிங்குக்கும் ஒத்துப்போகாது. வாடகைக் கடையிலை சோடி சேத்துத்தான் தருவினம், பூட்ஸை ஓரிடத்திலையும் ஸ்கீயை இன்னோரிடத்திலையும் எடுத்தால் கட்டாயம் கேளுங்கோ.

செல்வம்_ஜெனீவா
தம்பிமார், எனக்கு வயசு 57. சர்க்கரை வருத்தம் பன்னிரண்டு வருசமா இருக்கு. பேரப்பிள்ளை ஸ்கீ பழகுது, தானும் ஒருக்கா அப்பப்பாவோடை போகவேணும் எண்டு நிக்குது. கால் சில நேரம் மதமதப்பா இருக்கும். இந்தப் பூட்ஸ் போடலாமோ?

பாசெல்_நர்ஸ்
ஐயா, போறதுக்கு முதல் கட்டாயம் டொக்டரிட்டைக் காலைக் காட்டுங்கோ. மதமதப்பு எண்டால் நரம்பு பாதிச்சிருக்கோ எண்டு ஒரு மெல்லிய நைலோன் நூலாலை பாதத்தைத் தொட்டுப் பாத்துச் சொல்லுவினம், இரத்த ஓட்டத்தையும் பாப்பினம். இஞ்சை எல்லாரும் "நொந்தால் மாத்துங்கோ" எண்டு எழுதுகினம், உங்களுக்கு அந்த நோவே தெரியாமல் போகலாம், அதுதான் கவலை. மற்றவைக்கு ஒரு சின்னக் கொப்புளம் வந்தால் ரெண்டு நாளிலை மாறும், சர்க்கரைக் காலுக்கு அது புண்ணாகி மாசக்கணக்கா இழுக்கும்.

டொக்டர் ஓம் எண்டு சொன்னால், அகலமான மெத்தெண்ட பூட்ஸ் எடுங்கோ, போட முதல் கையை உள்ளுக்கை விட்டு மடிப்போ கல்லோ ஏதும் கிடக்கோ எண்டு தடவிப் பாருங்கோ, சாக்ஸ் மடிப்பில்லாமல் இழுத்து விடுங்கோ. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா உள்ளுக்கை போய்க் கழட்டி, சிவந்திருக்கோ எண்டு கண்ணாலை பாக்கவேணும், பாதத்தின்ரை அடிப்பக்கத்தைப் பேரப்பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ. சூடாக்கிற சாக்ஸ், சூட்டுப் பொட்டலம் ஒண்டும் வேண்டாம், சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. டொக்டர் வேண்டாம் எண்டால் கேபிள் காரிலை மேலை போய்ப் பேரப்பிள்ளை ஓடுறதைப் பாருங்கோ ஐயா, அதுக்கும் அது சந்தோசப்படும்.

செல்வம்_ஜெனீவா
மிக்க நன்றி மகள். திங்கள் டொக்டருக்கு அப்பொயிண்ட்மெண்ட் எடுக்கிறன்.

சூரிச்_ஓவியா
பூட்ஸ் மேல 80, 100ன்னு ஒரு நம்பர் இருக்கே, அது தான் டின்னா?

வின்டர்தூர்_அருள்
இல்ல ஓவியா, அது ஃப்ளெக்ஸ், பூட்ஸ் எவ்வளவு விறைப்புன்னு சொல்றது. பழகற பொம்பளைங்களுக்கு 60லேர்ந்து 80, ஆம்பளைங்களுக்கு 70லேர்ந்து 100க்குள்ள, எடையப் பொறுத்து. ரொம்ப விறைப்பா எடுத்தா முழங்கால மடக்கவே முடியாது, பின்னாடி சாஞ்சுடுவோம். ஒரு கம்பெனியோட 90 இன்னொரு கம்பெனியோட 90 மாதிரி இருக்காது, எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்ல, அதனால நம்பர விட மடக்கிப் பாத்து முடிவு பண்ணுங்க. கடைக்குள்ள சூட்டுல மெத்துன்னு மடங்கறது வெளிய குளிர்ல இன்னும் விறைக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

சொந்தமா வாங்கணும்னு எப்ப தோணினாலும் ஸ்கீக்கு முன்னாடி பூட்ஸ வாங்குங்க. ஸ்கீ வாடகைக்கு எடுத்தாலும் நல்லாவே ஓடலாம். நல்ல ஃபிட்டர் லைனர சூடாக்கி உங்க கால் அச்சுக்கு அமுக்கித் தருவார், குத்தற இடத்துல பிளாஸ்டிக்க சூடு பண்ணி வெளிய தள்ளித் தருவார். லைனர் போகப் போக அமுங்கும், அதனால புதுசு கடையில கொஞ்சம் இறுக்கமாவே இருக்கணும், கடையிலயே செருப்பு மாதிரி சுகமா இருக்கறது சீசன் முடியறதுக்குள்ள லூஸாயிடும். 2023 குளிர்காலத்துலேர்ந்து முன்பாதத்துக்கு பக்கிளுக்கு பதிலா திருகற போவா டயல் வெச்சதும் வந்திருக்கு, அழுத்தம் சமமா பரவுது, அதுக்காக தப்பான சைஸ் சரியாயிடாது.

கார்த்தி_சூரிச்
எல்லாருக்கும் அப்டேட். இன்னிக்கு சாயங்காலம் போய் எடுத்துட்டோம். எனக்கு 26, ஷெல் டெஸ்ட்ல பின்னாடி ஒன்னரை விரல். நிமிர்ந்தா விரல் தொடுது, மடக்கினா விலகுது, அருள் எழுதின மாதிரியே. மனைவிக்கு மொதல்ல ஆம்பளை மாடல் நீட்டினாங்க, மலர்விழி அக்கா சொன்னத அப்படியே கேட்டாங்க, லேடீஸ் மாடல் வந்துச்சு, ஏணிப்பட்டைய ஒரு ஓட்டை தள்ளி மாத்தினதும் மேல் பக்கிள் சுலபமா பூட்டுது. பொண்ணு "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தா, தட்டைய எடுத்து நிக்க வெச்சா முன்னாடி ரெண்டு சென்டிமீட்டர் மிச்சம், ஒரு சைஸ் இறக்கினோம், அடிநீளம் மாறினதால அவ ஸ்கீய திரும்ப மெஷின்கிட்ட கொண்டு போய் செட் பண்ணாங்க, நாங்க கேக்காமலேயே. நாளைக்கு காலைல கிளாஸ். ராத்திரி பூட்ஸ கார்லயே விட்டுடலாமா?

டாவோஸ்_வசந்தன்
காரிலை வேண்டாம், காலமை பிளாஸ்டிக் கல்லு மாதிரி விறைச்சு கால் உள்ளுக்கை போகாது. வீட்டுக்குள்ளை கொண்டுவந்து வையுங்கோ. ஓடி முடிச்ச பிறகு லைனரை வெளியிலை இழுத்துக் காயவிடுங்கோ, ஹீட்டருக்கு மேலை நேரை வைக்கக்கூடாது, அறைச்சூடு காணும். காய்ஞ்ச பிறகு லைனரைத் திருப்பி வைச்சு பக்கிளை லேசாப் பூட்டி வையுங்கோ, திறந்தபடி விட்டால் பிளாஸ்டிக் விரிஞ்சு அச்சு மாறும். காலமை சாக்ஸை வீட்டிலை போட்டுக்கொண்டு காரோட வேண்டாம், கால் வியர்த்திடும், அங்கை போய்க் காய்ஞ்ச சோடியைப் போடுங்கோ. முதல் ரெண்டு ஓட்டத்துக்குப் பிறகு லைனர் சூடாகி இளகும், அப்ப பக்கிளை ஒரு பல்லு இறுக்குங்கோ. லிஃப்டிலை இருக்கேக்கையும் சாப்பிடேக்கையும் மேல் பக்கிளைத் தளத்தி விடுங்கோ.